கொக்கி மாட்டாத ஜாக்கெட்டும் கேட்காத கேள்வியும்: படகு சவாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கோடை விடுமுறையில் புதுச்சேரிப் பக்கம் ஒரு படகுத்துறையில் பார்த்தது இது. ஐந்து வயது இருக்கும் குழந்தைக்கு அதன் அப்பா லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் அளவு, குழந்தையின் முழங்கால் வரை தொங்கியது. மூன்று கொக்கிகளில் நடுவில் இருந்ததை மட்டும் மாட்டிவிட்டுப் படம் எடுக்கத் தொடங்கினார். அவரிடம் கேட்டுவிட்டு, ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மெல்ல மேலே தூக்கிக் காட்டினேன். ஜாக்கெட் மட்டும் வந்தது. குழந்தையின் முகம் அதற்குள் மறைந்து, தலைமுடி மட்டும் வெளியே தெரிந்தது. தண்ணீரில் விழுந்தாலும் இதேதான் நடக்கும்: ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். அவர் முகம் வெளிறிவிட்டது. ஓடிப்போய்ச் சிறிய அளவு கேட்டு வாங்கிவந்தார்.

நம்மவர்கள் செய்யும் தவறுகளில் முதன்மையானது இதுதான் என்பேன். ஜாக்கெட் போடாதவரைப் பார்த்தால் யாராவது அதட்டுவார்கள். தளர்வாகப் போட்டவரை யாரும் கவனிப்பதில்லை. தோளைப் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் மோவாயைத் தாண்டி எழக் கூடாது, அதுவே சோதனை. எத்தனை கிலோ எடை உள்ளவருக்கானது என்று உள்பக்கம் அச்சிட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். குழந்தைகளுக்கான ஜாக்கெட்டில் கால்களுக்கு இடையே போகும் பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வியர்க்கிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்வதும், இருக்கைக்கு மெத்தையாகப் போட்டு உட்கார்வதும் கூடாது. படகு கவிழும்போது அதை எடுத்து மாட்ட நேரம் இருக்காது.

அடுத்த தவறு, சட்டம் என்பது படகுக்காரர் பாடு என்று இருந்துவிடுவது. நூறாண்டுக்கு மேல் நம்மிடம் இருந்தது 1917ஆம் ஆண்டுச் சட்டம். அதன்கீழ் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபட்டன. அதை நீக்கிவிட்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 வந்தது. கடலூரும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் நிலம். பஸ்ஸில் போகும்போது எது எந்த எல்லை என்றே தெரியாது. ஆற்றிலும் காயலிலும் ஓடும் எந்திரப் படகுகளுக்கு இரண்டு பக்கமும் இந்த ஒரே சட்டம்தான். படகுக்குப் பதிவு வேண்டும், ஆய்வுச் சான்றிதழ் வேண்டும், காப்பீடு வேண்டும், ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். துடுப்புப் படகுகளையும் உள்ளாட்சி அளவில் பட்டியலிட்டுக் கண்காணிக்க இதில் வழி இருக்கிறது. டிக்கெட் வாங்கும்போது இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "இந்தப் படகின் பதிவு எண் எங்கே? எத்தனை பேருக்கு அனுமதி?" ஒழுங்காகத் தொழில் செய்பவர் எவரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடற்கரையில் மீன்பிடிப் படகு ஒன்றைப் பேரம் பேசி, கடலுக்குள் ஒரு சுற்றுப் போய்வரும் பழக்கமும் பரவியிருக்கிறது. அந்த மீனவருக்குக் கடல் தெரியும், ஐயமே இல்லை. ஆனால் படகின் பதிவு மீன்பிடிப்புக்கானது. அதில் பயணிகளுக்கு இருக்கையும் இல்லை, பிடிமானமும் இல்லை. அசம்பாவிதம் நடந்தால் உங்கள் குடும்பத்தோடு அவர் குடும்பமும் தெருவுக்கு வரும். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட சுற்றுலாப் படகு, மீன்பிடிப் படகாக இருந்து மாற்றிக் கட்டப்பட்டது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகு ஓடியது.

"இன்னும் இரண்டு பேர்தானே" என்ற பேச்சுக்கு வருவோம். ஒவ்வோர் ஆள் ஏறும்போதும் படகு கொஞ்சம் தாழ்கிறது. அதன் விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. அந்த இடைவெளிதான் படகின் உயிர். அது ஒரு சாண் ஆகிவிட்டால், பக்கத்தில் வேகமாகப் போகும் வேறொரு படகு எழுப்பும் அலையே உள்ளே தண்ணீரைக் கொட்டப் போதும். உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்து எழுந்து நின்றால் எடை மேலே ஏறி, படகு தள்ளாடத் தொடங்குகிறது. எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் முடிந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன 22 பேர் திரும்பவில்லை. டால்பின் என்றோ செல்ஃபி என்றோ யாராவது கூவினால், இருந்த இடத்தில் உட்கார்ந்தபடியே பாருங்கள்.

வெயில் வந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைப்பது இந்த மண்ணுக்கே உரிய தவறு. நோணாங்குப்பத்துச் சுண்ணாம்பாற்றில் உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கலாம். ஆனால் மேலே விழுப்புரம் மாவட்டத்தில் பெய்த மழை அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். வீடூர் அணையைத் திறந்தால் அந்தத் தண்ணீர் சங்கராபரணி வழியாக இந்தப் பக்கம்தான் இறங்குகிறது. வெள்ளம் கடலுக்குள் பாயும்போது அலை எதிர்த்து நின்றால் முகத்துவாரம் கொந்தளிக்கும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததும், சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியே கடலூரைச் சூழ்ந்ததும் நமக்கு மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் படகுத்துறையை மூடிவைத்தால் சண்டை போடாதீர்கள்.

பிச்சாவரத்தில் நேர்மாறான ஏமாற்றம். "இடுப்பளவுத் தண்ணீர்தானே" என்று அலட்சியம். அடியில் இருப்பது சேறு. காலை ஊன்றினால் புதையும். சுரபுன்னையின் வேர்கள் கையையும் காலையும் சிக்கவைக்கும். கால்வாய் குறுகும் இடங்களில் கையைப் படகுக்கு வெளியே நீட்டாதீர்கள்.

குடித்துவிட்டுப் படகேறுவதைப் பற்றித் தயங்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுச்சேரிக்கு அதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். போதையில் முதலில் போவது சமநிலை. படகுக்கு வேண்டியதும் அதுதான். ஓட்டுநரிடம் வாடை அடித்தால் பணம் போனாலும் இறங்கிவிடுங்கள். விசைப்படகில் எஞ்சினிலிருந்து சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறதா என்றும் பாருங்கள். அது ஓட்டுநரின் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். மாட்டாமல் விட்டால், ஆளில்லாத படகு சுற்றிவந்து, விழுந்தவர் மேலேயே ஏறக்கூடும்.

எல்லாம் மீறிப் படகு கவிழ்ந்தே விட்டால், கரை கிட்டத்தில் தெரிகிறதே என்று நீந்தப் போகாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதைவிடக் கரை அதிகத் தூரத்தில் இருக்கும். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதந்துகொண்டிருக்கும். அதைப் பற்றிக்கொண்டு, குழந்தைகளை நடுவில் வைத்துக் குரல் கொடுங்கள். தேடி வருபவர்கள் கண்ணில் ஒரு தலையைவிடப் படகுதான் முதலில் படும். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் காவலுக்கு 1093, பொதுவான அவசர உதவிக்கு 112. கைப்பேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தால்தான் இந்த எண்களை அழைக்க முடியும்.