ஃப்ரெட்டில் உயரமா, அகலமா?
எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போனால் எல்லோரும் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பைத்தான் விசாரிப்பார்கள். நான் முதலில் ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளை, தடவிப் பார்ப்பேன். பழைய ஃபெண்டர் கிட்டார் பாணியிலான, டன்லப் நிறுவனத்தின் 6230 எண் ஃப்ரெட் என்றால் உயரம் சுமார் 1.1 மி.மீ., அகலம் 2 மி.மீ. ஜம்போ வகையான 6100-க்கு உயரம் 1.4, அகலம் 2.8. 6105-க்கும் அதே உயரம்தான், அகலம் மட்டும் 2.3.

கை உணர்வது பெரும்பாலும் உயரத்தைத்தான். உயரமான ஃப்ரெட்டில் விரல்நுனி மரத்தில் உரசாது, கம்பி நன்றாகப் பிடிபடும், பெண்டிங் (கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றுவது) சுலபம். வீணையில் கமகம் இழுத்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் கை கனமானவர்கள் ஜாக்கிரதை: அழுத்தினால் சுருதி ஏறிவிடும். ட்யூனரை மாட்டி, மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டை மெதுவாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை வாசியுங்கள். முள் ஓடினால் பிடியைத் தளர்த்துங்கள். மெல்லிய 9 கம்பி செட்டிலிருந்து சற்றே தடித்த 10-க்கு மாறினாலும் கொஞ்சம் அடங்கும்.

கழுத்தில் மேலும் கீழும் வழுக்கி வாசிப்பவர்களுக்குத் தாழ்ந்த ஃப்ரெட்டே சொகுசு. அகலத்துக்கு நான் அவ்வளவு அலட்டிக்கொள்வதில்லை.

பழைய கிட்டார் என்றால் மாடலின் அளவை நம்பாதீர்கள். ஃப்ரெட்டுகளை அராவிச் சமப்படுத்தும் ஒவ்வொரு லெவலிங்கிலும் உயரம் தேயும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிட்டு விலை பேசுங்கள்.