கிரேப்ஃப்ரூட்டின் கசப்பு குறைய ஒரு சிட்டிகை உப்பு

குளிர்காலத்தில் கிடைக்கும் ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழத்தின் கசப்பைக் குறைக்க, சர்க்கரைக்குப் பதிலாகச் சுளைகளின் மேல் ஒரு சிட்டிகை தூள் உப்பைத் தூவிச் சாப்பிடலாம். உப்பிலுள்ள சோடியம், நாக்கு கசப்பை உணர்வதை மட்டுப்படுத்துவதால், அதன் அடியில் அமுங்கிக் கிடந்த பழத்தின் சொந்த இனிப்பு மேலெழுந்து தெரிகிறது. கசப்புக்குக் காரணமான நரிஞ்சின், தோலின் உட்புற வெள்ளைப் பகுதியிலும் சுளையை மூடியிருக்கும் சவ்விலும்தான் மிகுதி என்பதால், அவற்றைக் கத்தியால் சீவி நீக்கி, சாறு ததும்பும் சதையை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தச் சிட்டிகையிலும் பாதி போதும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சாப்பிட்டால் புத்துணர்ச்சி உண்டு. ஆனால் மிகுந்த குளிர்ச்சியில் இனிப்பு மந்தமாகத் தெரியும் என்பதால், சற்று நேரம் வெளியே வைத்திருப்பது என் விருப்பம்.

உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் சவ்வு நீக்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம். சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் போன்ற கொழுப்பு மருந்துகளையோ, ஃபெலோடிபின் போன்ற இரத்த அழுத்த மருந்துகளையோ உட்கொள்பவர்களுக்கு இந்தக் குறிப்பே பொருந்தாது. பழத்திலுள்ள ஃபியூரனோகூமரின்கள் என்னும் வேதிப்பொருள்கள் அம்மருந்துகளைச் சிதைக்கும் குடல் நொதியை முடக்குவதால், இரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். இவ்விளைவு 24 மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கக்கூடும் என்பதால், மாத்திரையைக் காலையிலும் பழத்தை மாலையிலும் எடுத்துக்கொள்வது பாதுகாப்பாகாது. மருத்துவரைக் கேட்ட பிறகே பழத்தைத் தொடலாம்.