கொலுசைக் கறுக்க வைத்த ரப்பர் பேண்ட்

மகளின் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போயிருந்தது. திருநீறு போட்டுத் தேய்த்தேன், பளபளத்தது. பெட்டியில் வைத்துப் பத்து நாள் கழித்து எடுத்தால் மறுபடியும் கறுப்பு. பித்தளைக் குத்துவிளக்குக்குக் கைகொடுக்கும் புளி வெள்ளியிடம் தோற்றது. பற்பசையால் கீறல்தான் மிச்சம்.

"இதுவும் துருவா அப்பா?" என்றாள். துரு இரும்புக்குத்தான் வரும். அதற்கு ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். துரு செதில் செதிலாக உதிர்வதால் உள்ளிருக்கும் இரும்பும் அரிபட்டுக்கொண்டே போகும். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். அது வெள்ளியோடு சேர்ந்து, மேலே வெள்ளி சல்ஃபைடு என்ற மெல்லிய கறுப்புப் படலமாகப் படிகிறது.

அவளுக்கு விளக்கும்போதுதான் கவனித்தேன். கறுப்பு எங்கும் ஒன்றுபோல இல்லை. நடுவில் ஒரு விரற்கடை அகலத்துக்கு மை பூசியதுபோல இருந்தது. இரண்டு கொலுசையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருந்த இடம் அது! ரப்பரை உறுதியாக்கச் சேர்ப்பதே கந்தகம்தான்.

கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்துக் கொலுசை வைத்து, ஒரு கரண்டி சமையல் சோடா போட்டுக் கொதிநீர் ஊற்றினேன். கொலுசு தாளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடாத முனை கறுப்பாகவே கிடந்தது, புரட்டிப் போட்ட பிறகே வெளுத்தது. லேசாக அழுகிய முட்டை நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். கந்தகத்தை அலுமினியம் பிரித்தெடுப்பதால் வெள்ளி தேயாமல் மீள்கிறது. கல் பதித்த நகையை இப்படிப் போடாதீர்கள்.

இப்போது பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறேன். ஒரு மாதமாகக் கறுக்கவில்லை.