ஹை சேர் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தட்டுக்குக் கீழே பாருங்கள்

ஹை சேர், அதாவது குழந்தையை உட்காரவைத்து உணவூட்டும் தட்டு பொருத்திய உயரமான நாற்காலி, வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் மெத்தை மேல் விழும். அடுத்து நிறம், தட்டில் பொருத்திய பொம்மை, எத்தனை விதமாக மடங்கும் என்ற விளம்பரம். குழந்தையின் உயிரைக் காக்கிற பாகங்களோ பெரும்பாலும் தட்டுக்குக் கீழே இருக்கின்றன. குனிந்து அங்கே பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடுவதுதான் முதல் தவறு. மற்றவை பலவும் அதிலிருந்து கிளைப்பவை.

தட்டைக் காவலாக நம்புவதையே எடுத்துக்கொள்வோம். தட்டு வயிற்றுக்கு முன்னால் வந்து ‘டக்’கென்று பூட்டிக்கொண்டதும், இனிக் குழந்தை எங்கே போய்விடும் என்று தோன்றும். இரண்டு வழிகளில் போகும். ஒன்று, கீழே. சாப்பிட்டுச் சலித்த குழந்தை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நழுவும். இடுப்பு தட்டுக்கு அடியில் போய்விடும், தோளும் போய்விடலாம். தலை போகாது. கழுத்து தட்டின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் இரண்டு தொடைகளுக்கும் நடுவே அசையாத தண்டு ஒன்றை வைக்கிறார்கள். தட்டைக் கழற்றினால் அந்தத் தண்டும் கூடவே வந்துவிடுகிறதா, இருக்கையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இருக்கையிலேயே நிற்பது நல்லது.

இரண்டாவது வழி, மேலே. ஹை சேரில் ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை விழுவதால் வருபவை. குழந்தை எழுந்து நிற்க முயலும்போதும் தட்டின் மேல் ஏறும்போதும் விழுகிறது. தலைதான் முதலில் தரையில் படும். நடுத்தண்டு இதைத் தடுக்காது, வார்தான் தடுக்கும். இடுப்பையும் தொடை நடுவையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனை வார் குறைந்தபட்சம். தோளையும் பிடிக்கிற ஐந்து முனை வார், துறுதுறுப்பான குழந்தைக்கு இன்னும் பொருத்தம்.

வார் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கடையிலேயே அதை நாலைந்து முறை பூட்டித் திறந்து பாருங்கள். ஒரு கை குழந்தையைப் பிடித்திருக்கும், மற்றொரு கைதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள். மல்லுக்கட்ட வைக்கிற கொக்கியை வீட்டில் யாரும் தொடர்ந்து மாட்டப்போவதில்லை. முதல் வாரம் மாட்டுவார்கள், பிறகு ‘இரண்டு வாய்தானே’ என்று விட்டுவிடுவார்கள். கொக்கியின் பள்ளத்தில் மசித்த உணவு புகுந்து காய்ந்துவிட்டால் பல் சரியாக விழாது. பூட்டியதுபோலத் தெரியும், இழுத்தால் கழன்றுவிடும். வாரைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்பது இதனால் சுத்தம் பற்றிய கேள்வி மட்டும் அல்ல.

பலரும் கவனிக்கவே கவனிக்காதது கால்பலகை. உயரமான ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள், ஏன் என்று புரியும். உடம்பை நிலைநிறுத்துவதிலேயே கவனம் போய்விடும். இப்போதுதான் உட்காரப் பழகிய குழந்தைக்கு அது இன்னும் கடினம். பாதம் ஊன்றியிருந்தால் இடுப்பு நிலைக்கும், முதுகு நிமிரும், கையும் வாயும் தம் வேலையைப் பார்க்கும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய 90 டிகிரியில் மடங்கியிருக்க வேண்டும். பல நாற்காலிகளில் கால்பலகை இரண்டு வயதுக் குழந்தையின் காலுக்கு எட்டும் இடத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஆறு மாதக் குழந்தைக்கு அது இருந்தும் இல்லாததுபோலத்தான். நார்வே வடிவமைப்பாளர் பீட்டர் ஓப்ஸ்விக் 1972இல் வெளிவந்த ‘டிரிப் டிராப்’ நாற்காலியில், இருக்கையையும் கால்பலகையையும் குழந்தை வளர வளர இடம் மாற்றும்படி அமைத்தார். அதேபோன்ற ஏற்பாடு இன்று பல நாற்காலிகளில் உண்டு. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மெத்தையை விட்டுவிட்டு நகரும் கால்பலகையைத்தான் எடுப்பேன்.

நாற்காலியின் சாயும் முதுகை வசதி என்று எண்ணி, உட்காரவே தெரியாத குழந்தையைச் சாய்த்து வைத்துத் திட உணவு ஊட்டுவது ஆபத்தான தவறு. சாய்ந்த நிலையில் உணவு தானாகத் தொண்டைக்கு வழியும், புரையேறும். உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பாலோடு சேர்த்துத் தரும் இணை உணவைத் தொடங்கச் சொல்வது 6 மாதத்தில். அப்போதும் கழுத்து நன்றாக நின்று, சிறிய பிடிமானத்தோடு நிமிர்ந்து உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன் ஹை சேருக்கு வேலை இல்லை.

நிலைப்பைச் சோதிப்பது எளிது. நாற்காலியின் கால்கள் இருக்கையைவிட நன்றாக அகன்று ஊன்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதுகின் மேல்விளிம்பைப் பக்கவாட்டிலும் பின்னாலும் தள்ளிப் பாருங்கள். சக்கரம் இருந்தால் பூட்டு வேண்டும். மடக்கும் வகையானால், விரித்தபின் பூட்டு உறுதியாக விழ வேண்டும். ஆனால் எவ்வளவு நல்ல நாற்காலியையும் இடம் கெடுத்துவிடும். சுவரோ மேசைக்காலோ குழந்தையின் பாதத்துக்கு எட்டினால், உதைத்துத் தள்ளியே நாற்காலியைப் பின்னால் சாய்த்துவிடும். அடுப்பு, சூடான பாத்திரம், திரைச்சீலைக் கயிறு ஆகியவையும் எட்டக் கூடாது.

இடம் போதவில்லை என்று மேசை விளிம்பில் கவ்வி மாட்டும் இருக்கையை வாங்குகிறவர்கள், வீட்டு மேசையைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். கண்ணாடி மேசையிலும், நடுவில் ஒற்றைக்கால் உள்ள மேசையிலும், விரிப்பு போட்ட மேசையிலும் அதை மாட்டக் கூடாது.

பொட்டலத்தில் ஹை சேருக்கான பாதுகாப்புத் தர எண்ணைத் தேடுங்கள். ஐரோப்பாவில் இஎன் 14988. அமெரிக்காவில் 2019 முதல் கட்டாயமாகியிருக்கும் விதிக்கு அடிப்படை ஏஎஸ்டிஎம் எஃப்404. பழைய நாற்காலியை யாராவது கொடுத்தால் வாங்கக் கூடாது என்றில்லை. வார் தொலைந்திருந்தால் மட்டும், துணியைக் கட்டி ஒப்பேற்றாதீர்கள். தயாரித்தவர்களிடமிருந்து சரியான வார் கிடைக்காவிட்டால் அந்த நாற்காலி வேண்டாம். குறை தெரிந்து தயாரித்தவர்களே திரும்பப் பெற்ற மாடலா என்றும் பார்த்துவிடுங்கள்.

சுத்தத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்லலாம்: தையலும் இடுக்கும் குறைவாக இருக்கட்டும், தட்டு உங்கள் கழுவுதொட்டிக்குள் அடங்கட்டும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு வரும் தவறு, வார் பூட்டியிருக்கிறதே என்று அடுத்த அறைக்குப் போவது. இருமுகிற குழந்தைக்கு மூச்சு போய்வருகிறது என்று பொருள். மூச்சுக்குழாய் முழுதாக அடைபட்டால் சத்தமே வராது, அடுத்த அறையில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. ஊட்டி முடிக்கும்வரை கண்ணும் கையும் எட்டும் தூரத்தில் இருங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு, பெட்டியில் அச்சிட்ட எடை வரம்பை மட்டும் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். கொக்கியைத் தானே திறக்கக் கற்றுக்கொண்ட குழந்தை, எடை வரம்பை எட்டாவிட்டாலும், காலைத் தரையில் ஊன்றி உட்காரும் சிறிய நாற்காலிக்கு மாற வேண்டிய குழந்தைதான்.