பாட்டி வடை சுட்ட கதைக்குப் படம் போடும்முன்

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரையப் பழக வருபவர்களிடம், பாட்டி வடை சுட்ட கதைக்கு ஒரு படம் போட்டுக் கொண்டு வரச் சொல்வேன். பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். கிளையில் முழுக் கறுப்பாக ஒரு காக்கா, அதன் வாயில் வடை. கீழே செம்மஞ்சள் நிறத்தில் நரி, அதன் வால் நுனி வெள்ளை. பின்னால் ஊசியிலை மரங்கள். கோடு சுத்தமாக இருக்கும், வண்ணமும் சீராக இருக்கும். ஆனால் அப்படி ஒரு நரியை ஜவ்வாது மலை அடிவாரத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. அது குளிர்நாட்டுச் செந்நரி. நம் கரடுகளில் திரியும் நரி மண்ணும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருக்கும், வால் நுனி கறுப்பு. காக்காவும் அப்படித்தான். வடைக்கடையைச் சுற்றி வரும் வீட்டுக்காக்காவுக்குக் கழுத்து சாம்பல் நிறம்; உடம்பு முழுக்கக் கறுப்பு என்றால் அது அண்டங்காக்கா. இரண்டும் நம் ஊரில் உண்டு. உங்கள் கதையில் வருவது எது என்று முடிவு செய்துவிட்டுப் பென்சிலை எடுங்கள்.

கோட்டை வரும் கதைகளிலும் இதே பிழைதான். ராஜகுமாரி கதை என்றதும் கூம்புக் கூரை வைத்த உயரமான கோபுரங்கள் தானாகக் கைக்கு வந்துவிடுகின்றன. வேலூரில் இருந்துகொண்டு இப்படி வரைவது எனக்கு மனசு ஆறாத விஷயம். பஸ் ஏறிப் போய் இறங்கினால் 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டை நிற்கிறது. உயரமாக நிமிர்ந்து நிற்பதல்ல அதன் அழகு. அகழியை ஒட்டி நீளமாக ஓடுகிற கருங்கல் மதிலும், நடுநடுவே புடைத்து நிற்கும் கொத்தளங்களும்தான். சாயங்காலம் வெயில் சாயும்போது அந்தக் கல் சாம்பல் நிறத்திலிருந்து மெல்லப் பழுப்பாக மாறும். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் யாளிகள் பாய்கின்றன. பூதம், அரக்கன், பறக்கும் குதிரை என்று எதை வரைய வேண்டியிருந்தாலும் அந்தத் தூண்களின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து வரையுங்கள். நான் வருஷக்கணக்காகப் போகிறேன், இன்னும் முடியவில்லை.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: எழுத்து சொன்னதையே படமும் திரும்பச் சொல்வது. 'காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது' என்று வரி இருக்கிறது. படத்திலும் காக்கா வடையோடு பறக்கிறது. அப்படியானால் அந்தப் பக்கத்தில் குழந்தைக்கு என்ன வேலை மிச்சம்?

இங்கிலாந்தில் ராண்டால்ஃப் கால்டிகாட் (1846–1886) என்று ஒரு ஓவியர் இருந்தார். தட்டு கரண்டியோடு ஓடிப்போனது என்று முடியும் ஒரு குழந்தைப் பாட்டுக்குப் படம் போட்டார். பாட்டு முடிந்த பிறகும் அவர் ஒரு படம் வரைந்தார். தட்டு சுக்குநூறாகக் கிடக்கிறது. கரண்டியைக் கத்தியும் முள்கரண்டியும் இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிப் போகின்றன, வீட்டுப் பெரியவர்கள் பெண்ணை இழுத்துப் போவதுபோல. கீழே ஒரு வார்த்தை இல்லை.

இதைப் பார்த்த பிறகுதான் என் வடைக் கதையில் நரியை முதல் பக்கத்திலேயே கொண்டுவந்தேன். எழுத்தில் பாட்டி மட்டும்தான் இருக்கிறாள். மண்ணடுப்பு, விசிறி, எண்ணெய்ச் சட்டி. பக்கத்துப் புளியமரத்தின் பின்னால் ஒரு கறுத்த வால் நுனி மட்டும் தெரியும். பெரியவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. பக்கத்து வீட்டு ஐந்து வயசுக் குழந்தை மட்டும் பக்கத்தைத் திருப்ப விடாமல் கையை வைத்தது. "அக்கா, இரு இரு. இங்க யாரோ ஒளிஞ்சிருக்காங்க" என்றது. அதற்குப் பிறகு கதையை அந்தக் குழந்தைதான் எனக்குச் சொன்னது.

வெளிநாட்டுத் தேவதைக் கதைகளை நம் ஊருக்குக் கொண்டுவந்து மறுபடி சொல்லும்போது பாதி தூரத்தில் நின்றுவிடாதீர்கள். கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட ஸ்நோ ஒயிட் கதையில் தாய் ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருப்பாள். பனியில் ரத்தத்துளி விழும். அந்த வெண்மை, அந்தச் சிவப்பு, கருங்காலி ஜன்னல் சட்டத்தின் கறுப்பு, மூன்றையும் பார்த்துத்தான் குழந்தை வேண்டும் என்று ஆசைப்படுவாள். அவள் கண்ணுக்கு எதிரே இருந்த நிறங்கள் அவை. கதை பாலாற்றங்கரைக்கு வந்துவிட்டது என்றால், இந்த ஊர்த் தாயின் ஜன்னலில் தெரிகிற நிறங்கள் எவை? ஆற்று மணல், நாவல்பழம், முருக்கம்பூ. இதைக் கதை எழுதியவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அதை விட்டுவிட்டுப் பாவாடை சட்டை மட்டும் மாட்டி, முகத்தை வெளுப்பாகவே விட்டுவிட்டு, சூனியக்காரியைக் கறுப்பாக வரைந்தால் அது பெரிய அநியாயம். நம் பள்ளிக்கூடங்களில் அந்தப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கறுப்பு. தன் நிறம் கெட்டவளுக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் யாரும் சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள்.

ஒரே ஆள் பக்கத்துக்குப் பக்கம் வேறு ஆளாகத் தெரிவது இன்னொரு குறை. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைத்துப் பாருங்கள். கையில் வாள், தோளில் பிணம். எந்த இதழைத் திறந்தாலும் அதே ஆள்தான். முதலில் உங்கள் பாட்டியை முன்பக்கம், பக்கவாட்டு, முதுகுப்புறம், உட்கார்ந்தது, குனிந்தது, கோபம் என்று ஒரே தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். புடவைக் கரையின் அகலம், மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதுவரை அதில் இருக்கட்டும்.

அச்சு விஷயம் தெரியாமல் வரைந்து நான் இழந்தது என் முதல் புத்தகத்தின் சிறந்த படத்தை. இரட்டைப் பக்கத்தின் நட்டநடுவில் பாட்டியின் முகத்தை வைத்தேன். அச்சாகி வந்தபோது முகம் மடிப்புக்குள் போய்விட்டது. ஒரு கண் அந்தப் பக்கம், ஒரு கண் இந்தப் பக்கம். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. சென்டர் பின் அடித்த புத்தகத்தைவிட முதுகில் பசை ஒட்டிய புத்தகம் நடுவில் இன்னும் அதிகமாக விழுங்கும். அதனால் பைண்டிங் எது என்று முதலிலேயே கேளுங்கள். நடுக்கோட்டில் மரம், வானம், மதில் எதுவும் வரலாம். முகமும் கையும் வரக்கூடாது. அச்சான பிறகு தாளின் ஓரங்களை வெட்டுவார்கள், அதற்காக நான்கு ஓரமும் 3 மி.மீ. கூடுதலாக வரையுங்கள். ஸ்கேன் 300 டிபிஐக்கு, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்கு, குறைய வேண்டாம். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் நான்கு வண்ண அச்சில் மங்கும், ஒரு தாள் அச்சடித்துப் பார்த்துவிடுங்கள்.

எழுத்துக்கு இடம் விட மறப்பவர்கள் அதிகம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து லேஅவுட் போட்டால் கடைசி வரி நரியின் தலைமேல் ஏறும்.

நாட்டுப்புறக் கதை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் ஒருவர் அதைத் திருப்பி எழுதிய விதமும் அவர் போட்ட படமும் அவருக்குச் சொந்தம். நம் நாட்டில் அந்த உரிமை அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் இருக்கும். திரைப்படத்தில் வந்த உடையையும் முகத்தையும் பார்த்து வரையாதீர்கள்.

வண்ணம் தீட்டும்முன் ஒரு டம்மி செய்யுங்கள். 24 பக்கமோ 32 பக்கமோ, வெள்ளைத் தாளை மடித்து, பென்சில் கோட்டிலேயே முழுக் கதையையும் போட்டு ஒரு குழந்தையின் கையில் கொடுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள். எந்தப் பக்கத்தில் கை நிற்கிறது, எங்கே இரண்டு பக்கம் சேர்த்துத் திருப்புகிறது, எந்தப் படத்துக்குத் திரும்பி வருகிறது என்று மட்டும் பார்த்து, டம்மியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சேர்த்துத் திருப்பிய பக்கங்களை மறுநாள் முதலிலிருந்து வரையுங்கள்.