காப்பி எப்போது ஆறும்? மடக்கை போட்டு நேரம் கண்டுபிடிக்கலாம்

குளிர்தல் கணக்கில் பிள்ளைகள் திணறுவது ஓர் இடத்தில்தான்: நேரம் அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கும், அதைக் கீழே இறக்கணும். இறக்கித் தருவது மடக்கை, அதாவது லாகரிதம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கழித்தல் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் மடக்கை எவ்வளவு சரியாகப் போட்டாலும் விடை வராது.

நாகர்கோவிலில் ஒரு வீடு, மூடி போட்ட டம்ளரில் கருப்பட்டிக் காப்பி. காப்பி 90 டிகிரி, அறை 30 டிகிரி, 10 நிமிடம் கழித்துப் பார்த்தால் காப்பி 66-க்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடிக்கிற பதத்துக்கு, அதாவது 54-க்கு வர மொத்தம் எத்தனை நிமிடம்?

பத்து நிமிடத்தில் 24 டிகிரி இறங்கியது, அப்போ 36 டிகிரிக்கு 15 நிமிடம் என்று போடாதீர்கள். ஆற ஆற, ஆறுகிற வேகமும் குறையும். சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு கூடுதல் சூடு இருக்கிறதோ அதற்கேற்ற வேகத்தில்தான் பொருள் குளிரும், நியூட்டன் 1701-ல் வெளியிட்ட விதி இதுதான்.

அதனால் முதல் வேலை, எல்லாவற்றிலிருந்தும் 30-ஐக் கழிப்பது. 90, 66, 54 என்பவை 60, 36, 24 ஆகிவிடும். இனி இந்த மூன்றும் போதும்.

கூடுதல் சூடு = 60 × ஈ^(−கே × நேரம்)

இதில் ஈ என்பது சுமார் 2.718 என்ற மாறாத எண், கே என்பது இந்த டம்ளர் எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதைக் காட்டும் எண்.

10 நிமிடத்துக்கு 36 = 60 × ஈ^(−10கே). 60-ஆல் வகுத்துத் தலைகீழாக்கினால் ஈ^(10கே) = 60/36. இரண்டு பக்கமும் இயல் மடக்கை, அதாவது ஈ-யை அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுங்கள்: 10கே = 0.5108, ஆகவே கே = 0.0511. அதே மாதிரி 24-க்கு, கே × நேரம் = 60/24-இன் மடக்கை = 0.9163. வகுத்தால் 17.9, சுமார் 18 நிமிடம்.

கால்குலேட்டர் இல்லாத பரீட்சைக்கு இன்னும் நல்ல வழி உண்டு. கடைசியில் ஒரு மடக்கையை இன்னொரு மடக்கையால்தானே வகுக்கிறோம், அடிமானம் 10 என்றாலும் ஈ என்றாலும் விடை மாறாது. அடிமானம் 10-க்கான மடக்கை அட்டவணையில் 60/24-க்கு 0.3979, 60/36-க்கு 0.2218; நேராக 10 × 0.3979 / 0.2218 என்று போடுங்கள், அதே 17.9 வரும். கே-யைத் தனியாகக் கேட்டால் மட்டும் 2.303-ஆல் பெருக்கணும்.

இதே காப்பி 28 டிகிரிக்கு எப்போது வரும் என்று கேட்டால் கூடுதல் −2 ஆகும், விகிதம் குறை எண்ணாகும், அதற்கு மெய்யெண்ணில் மடக்கை கிடையாது. 30 டிகிரி அறையில் காப்பி 28-க்கு இறங்காது என்பதைத்தான் கணக்கு சொல்கிறது. அப்புறம், அறைக்குள் கண்டுபிடித்த கே-யை ஆரல்வாய்மொழிக் காற்றில் திண்ணையில் வைத்த டம்ளருக்குப் போடாதீர்கள், அங்கே மறுபடி இரண்டு அளவு எடுத்துத்தான் தொடங்கணும்.