கிளெப்சியெல்லா ஜீனோம்: கொலிஸ்டினுக்கு ஜீன் சிக்காவிட்டால் எங்கே தேடுவது?

கோவை, ஈரோடு, பெருந்துறைப் பக்கம் மைக்ரோபயாலஜி லேபில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐசியு நோயாளியின் ரத்தத்தில் வளர்ந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் கேட்கவில்லை, கடைசிக் கட்ட மருந்தான கொலிஸ்டினுக்கும் கேட்கவில்லை. ஜீனோமைப் படித்து ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்ச்சர் போடுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நேராக வேலைக்கு வருகிறேன்.

ஒரே காலனியை எடுத்து மறுபடி ஸ்ட்ரீக் செய்யுங்கள். மருந்தில்லாத தட்டில் திரும்பத் திரும்ப வளர்த்தால் எதிர்ப்பு ஜீனைச் சுமக்கும் பிளாஸ்மிட் (தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம்) தொலைந்துபோகலாம். மெரோபெனம் கலந்த தட்டு நல்லது.

அப்புறம் டிஎன்ஏ. இந்தக் கிருமியின் உறை வழவழப்பான சர்க்கரை. சில காலனிகளை லூப்பால் இழுத்தால் நூலாக நீளும். அது டிஎன்ஏவோடு ஒட்டி வந்தால் சீக்வென்சிங் கெடும். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 2-க்கு நன்றாகக் கீழே இருந்தால் திரும்பக் கழுவுங்கள். டிஎன்ஏ அளவு பார்க்க க்யூபிட் கருவிதான் சரி. நானோடிராப் ஆர்என்ஏவையும் சேர்த்துக் காட்டிவிடும்.

இல்லுமினா ரீடுகள் (கருவி படித்துத் தரும் குட்டி டிஎன்ஏ வரிசைகள்) வந்ததும் பாஸ்ட்பி மென்பொருளில் சுத்தம் செய்து ஷோவில் மென்பொருளில் கோத்துவிடுங்கள். மொத்த நீளம் 55 லட்சம் எழுத்துகளை ஒட்டி வரும். 80 லட்சம் வந்தால் வேறு கிருமி கலந்திருக்கிறது, காலனியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

இனிதான் முக்கியமான இடம். எதிர்ப்பு ஜீன்களைத் தேடும் ஏபிரிகேட் மென்பொருளை ஓட்டினால் மெரோபெனத்தை முறியடிக்கும் என்டிஎம், ஆக்சா-232 மாதிரியான ஜீன்கள் வரிசையாக வரும். கொலிஸ்டினுக்கு மட்டும் ஒன்றுமே வராது. என்னை நெடுநாள் சுற்றவைத்தது இதுதான். வெளியிலிருந்து வந்த ஜீன்களைத்தான் அந்த மென்பொருள் தேடும். இங்கே நடந்திருப்பதோ கிருமியின் சொந்த ஜீன் ஒன்று உடைந்தது. எம்ஜிஆர்பி என்ற அந்த ஜீன் வெறும் 144 எழுத்து. அது உடைந்தால் செல்லின் வெளிச்சுவரில் நேர்மின்னேற்றம் கூடும், கொலிஸ்டின் ஒட்ட முடியாது.

உடைப்பது பெரும்பாலும் தாவும் ஜீன் துண்டுகள், பல நூறு எழுத்திலிருந்து ஆயிரத்துக்கு மேலும் நீளம். 150 எழுத்து ரீடு அதைத் தாண்டாது. அதனால் ஜீனின் பாதி ஒரு கான்டிக்கின் (ரீடுகளைக் கோத்துக் கிடைத்த தொடர் துண்டின்) முனையிலும் மறுபாதி இன்னொன்றின் முனையிலும் கிடக்கும். எம்ஜிஆர்பி வரிசையை எடுத்து வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்டில் தேடி, இரண்டு முனைகளையும் கண்ணால் பாருங்கள். க்ளெபொரேட் என்ற மென்பொருள் இதைத் தானாகவே சொல்லும். கிளெப்சியெல்லாவுக்கு என் முதல் தேர்வு அதுதான். சந்தேகம் தீராவிட்டால் நானோபோர் நீள ரீடு எடுங்கள்.

லேபில் கொலிஸ்டினை டிஸ்க் வைத்துப் பார்த்த முடிவோடு இதை ஒப்பிடாதீர்கள். அந்த மருந்து அகாரில் சரியாகப் பரவாது. பிராத் மைக்ரோடைலூஷன் (திரவ ஊடகத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்ப்பது) செய்தாக வேண்டும்.

பின்சேர்க்கை: இந்த எதிர்ப்பு கோழிப்பண்ணையிலிருந்து வந்திருக்குமா என்று நாமக்கல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கோழித் தீவனத்தில் கொலிஸ்டினை இந்தியா 2019-ல் தடை செய்தது. கால்நடையோடு அதிகம் பேசப்படுவது பிளாஸ்மிடில் பயணிக்கும் எம்சிஆர் என்ற கொலிஸ்டின் எதிர்ப்பு ஜீன்; அது இருந்தால் ஏபிரிகேட்டிலேயே தெரிந்துவிடும். எம்ஜிஆர்பி உடைப்பு அந்தக் கிருமிக்குள்ளேயே நடப்பது. அதை வைத்துப் பண்ணையைக் கைகாட்ட முடியாதுங்க.